ஊர் கூடி வளர்க்கும் சிற்பம்

1982ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஜெர்மனியின் காஸல் நகரத்து மையச் சதுக்கத்தில் லாரி லாரியாகக் கல் வந்து இறங்கியது. எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது தானாகவே ஐந்து பட்டை, ஆறு பட்டைத் தூண்களாக வெடித்துப் பிரியும் பசால்ட் பாறை. மொத்தம் 7,000 கற்கள். ஐரோப்பாவின் மிகப் பழைய பொது அருங்காட்சியகங்களில் ஒன்றான ஃபிரிடரிசியானும் கட்டடத்துக்கு முன்னால் அவை ஆப்பு வடிவில் குவிந்து கிடந்தன. ஆப்பின் கூர்நுனியில் ஒரே ஓர் ஓக் கன்று. மார்ச் 16ஆம் தேதி அதைத் தன் கையால் நட்டவர் ஜோசப் பாய்ஸ் என்ற கலைஞர். குவியலுக்கு அவர் விதித்த நிபந்தனை ஒன்றுதான். ஒரு கல்லை அங்கிருந்து நகர்த்த வேண்டுமானால் நகரத்தில் எங்காவது ஒரு மரம் நட வேண்டும்; எடுத்த கல்லை அந்த மரத்தின் பக்கத்திலேயே ஊன்ற வேண்டும்.

ஊரில் பலர் கொதித்துப்போனார்கள். அழகான சதுக்கத்தைக் குப்பைமேடாக்கிவிட்டார் என்றார்கள். கார் நிறுத்தும் இடமெல்லாம் போய்விடும் என்ற கவலை வேறு. கற்களின் மேல் இளஞ்சிவப்புப் பெயின்டை அடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. பாய்ஸின் சூட்சுமமோ அந்த எரிச்சலுக்குள்தான் இருந்தது. குவியல் கண்ணை உறுத்துகிறதா? அதைக் கரைக்க மரம் நடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. எத்தனை நட்டாயிற்று, இன்னும் எத்தனை பாக்கி என்பதற்கு அறிக்கையும் வேண்டாம், அறிவிப்புப் பலகையும் வேண்டாம். சதுக்கத்தைக் கடந்து வேலைக்குப் போகிற எவரும் ஒரு பார்வையில் கணக்கைத் தெரிந்துகொள்ளலாம். வேண்டாதவர்களையும் வேலைக்குள் இழுத்துவிடுகிற ஏற்பாடு அது. ‘7000 ஓக் மரங்கள்’ என்ற அந்தப் படைப்பை நான் ரசிக்கத் தொடங்கியது இந்த இடத்தில்தான். மரங்களின் அழகு அதற்குப் பிறகு வந்தது.

காஸல் சும்மா தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் அல்ல. 1943 அக்டோபரில் ஒரே இரவுக் குண்டுவீச்சில் அதன் பழைய நகரம் ஏறத்தாழ முழுதும் அழிந்தது. போருக்குப் பின் கட்டியெழுப்பியபோது கார்களுக்கு வசதியாக அகலச் சாலைகள் போட்டார்கள், நிழல் குறைந்தது. அதே ஊரில்தான் 1955இல் ‘டாக்குமென்டா’ என்ற நவீனக் கலைக் கண்காட்சி தொடங்கியது. நாஜிகள் இழிவுபடுத்தித் தடைசெய்த கலையை மறுபடியும் மக்கள் முன் வைக்கப் பிறந்த கண்காட்சி அது. அதன் ஏழாவது பதிப்புக்கு வந்த அழைப்பை வாங்கிக்கொண்ட பாய்ஸ், உள்ளே சுவரில் மாட்டுவதற்கு ஒன்றைக் கொண்டுவந்திருக்கலாம். அவர் ஊரையே கேட்டார்.

பணம் திரட்டிய கதை தனியாகச் சொல்லத் தக்கது. ஒரு மரம், ஒரு கல், நடவுக்கூலி எல்லாம் சேர்த்து 500 மார்க் என்று விலை வைத்தார்கள். 7,000 மரத்துக்குக் கணக்குப் போட்டால் 35 லட்சம் மார்க். கொடுத்தவர்களுக்கு மரச் சான்றிதழ் உண்டு. தொடங்குவதற்கான பணத்தை நியூயார்க்கின் டியா கலை அறக்கட்டளை கொடுத்தது. சக கலைஞர்கள் தங்கள் படைப்புகளை விற்பனைக்குத் தந்தார்கள். பாய்ஸே ஒரு ஜப்பானிய விஸ்கி விளம்பரத்தில் நடித்துச் சம்பளத்தை இதில் போட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, ரஷ்யப் பேரரசன் பயங்கர இவானின் மகுடத்தைப் போலச் செய்த ஒரு தங்கப் பிரதியை 1982 ஜூன் 30 அன்று ஜனங்கள் கூடிநிற்க அதே சதுக்கத்தில் உருக்கினார். உருகிய தங்கத்தை அச்சில் ஊற்றி ஒரு சிறு முயல் வார்த்தார். மகுடத்தை அழிக்கக் கூடாது என்று கூட்டத்தில் எதிர்ப்புக் குரலும் எழுந்தது. முயல் 7,77,000 மார்க்குக்கு விலைபோனது. ஷ்டுட்கார்ட் அரசு ஓவியக்கூடத்தில் இன்று அதைப் பார்க்கலாம். கொடுங்கோலனின் மணிமுடி முயலாகி, முயல் மரங்களான இந்த மாற்றத்தில் ஒரு நாட்டுப்புறக் கதையின் துணிச்சல் இருக்கிறது.

பணத்தைவிடச் சிக்கலானது இடம். நகரம் என்பது வெற்று நிலம் அல்லவே. ஒவ்வொரு நடைபாதைக்கும் அடியில் குடிநீர்க் குழாய், சாக்கடை, மின்கம்பி, தொலைபேசி வடம் எல்லாம் ஓடுகின்றன. தாரையும் சிமென்ட்டையும் உடைத்தால்தான் மண்ணே தெரியும். எங்கே நடலாம் என்று பள்ளிக்கூடங்கள் சொல்லின. மழலையர் பள்ளிகள், பேட்டைச் சங்கங்கள், தெருக்காரர்கள் சொன்னார்கள். பாய்ஸின் ஆட்கள் நடத்திய அலுவலகம் அந்த யோசனைகளைச் சேகரித்து, நகர நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, ஒவ்வோர் இடத்துக்கும் அனுமதி வாங்கியது. ஒரு மரம் தன் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கும் என்பார் ஒருவர், இலை உதிர்ந்தால் கூட்டுவது யார் என்பார் இன்னொருவர், எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் வரவில்லை என்பார் மூன்றாமவர். மரம் நடுவதென்றால் இந்தப் பேச்செல்லாம் பேசித்தான் ஆக வேண்டும். பாய்ஸின் கண்ணில் அந்தப் பேச்சும் சிற்பத்தின் பகுதிதான். ‘சமூகச் சிற்பம்’ என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார். ஒவ்வொரு மனிதரும் கலைஞர் என்று நம்பியவர் அவர். இடம் மறுக்கப்பட்ட மாணவர்களையெல்லாம் தன் வகுப்பில் சேர்த்துக்கொள்ளப் போராடியதால் 1972இல் டூசல்டோர்ஃப் கலைக் கழகப் பேராசிரியர் வேலையையே இழந்தவர்.

இந்த வகைக் கலையைப் பற்றி ஒரு சந்தேகம் எப்போதும் கேட்கப்படுகிறது. நட்டவர்கள் வேறு பலர், பணம் கொடுத்தவர்கள் வேறு பலர். அப்படியானால் கலைஞர் செய்தது என்ன? ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்குப் பதில் எளிதாகப் பிடிபடும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர். ஆனால் தேர் மாடவீதித் திருப்பத்தில் வீட்டுச் சுவரில் மோதாமல் திரும்புவது, சக்கரத்துக்கு அடியில் சரியான கணத்தில், சரியான கோணத்தில் முட்டுக்கட்டை கொடுப்பவரின் கைத்திறன். அவர் தேரை இழுப்பதில்லை. கட்டை ஒரு விரற்கடை தப்பினால் தேர் போகிற திசையே வேறு. கூட்டுக் கலையில் கலைஞரின் வேலை அந்தக் கட்டைதான்: ஊருக்கு முன்னால் வைக்கிற ஒரு சிறிய நிபந்தனை. யாரும் செய்யக்கூடிய அளவுக்கு எளிதாகவும், செய்தால் ஏதோ ஒன்றை உண்மையிலேயே கொடுத்தாக வேண்டிய அளவுக்குக் கனமாகவும் அது இருக்க வேண்டும். அந்த நிபந்தனையின் வடிவழகைத்தான் ரசிகன் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கல்லையும் மரத்தையும் ஜோடி சேர்த்ததில் பாய்ஸின் கை எவ்வளவு நுட்பமானது என்று பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். தரைக்கு மேல் கல் ஏறத்தாழ 1.2 மீட்டர். நட்ட அன்று கன்று ஒரு குச்சி. கண்ணுக்குக் கல்தான் கனம், கல்தான் ஆள். பத்து ஆண்டில் இரண்டும் சமபலமாகின்றன. நாற்பது ஆண்டில் அடிமரம் கல்லைவிடப் பருத்து, சில இடங்களில் வேர் மண்ணை உயர்த்திக் கல்லைச் சாய்த்திருக்கிறது. கல்லின் நிழல்புறத்தில் பாசி ஏறியிருக்கிறது. கல் அன்று இருந்த அளவில்தான் இன்றும் இருக்கிறது, தேய்ந்தால் உண்டு, வளர்வதில்லை. அதனால் மரம் எவ்வளவு வளர்ந்தது என்பதற்கு ஓர் அளவுகோல் கூடவே நின்றுகொண்டிருக்கிறது. சாதாரணச் சாலையோர மரத்தின் வளர்ச்சி நம் கண்ணில் படுவதே இல்லை, தினம் பார்ப்பதால். கல் அந்தத் தினசரிப் பார்வையைத் தட்டி எழுப்புகிறது. மரம் பட்டுப்போனாலும் கல் இருக்கும். இங்கே ஒன்று நின்றது, இன்னொன்று வைக்க வேண்டும் என்று கேட்டபடி. பெயரில் ஓக் என்று இருந்தாலும் பாதிக்குச் சற்று மேல்தான் ஓக். மற்றவை லின்டன், பிளேன், மேப்பிள், ஆஷ், செஸ்நட் என்று இடத்துக்கும் மண்ணுக்கும் ஏற்பத் தேர்ந்தவை. ஒரே சாதி மரத்தை வரிசையாக நட்டு அணிவகுப்பு காட்டாததும் அவருடைய ரசனைக்குச் சான்று.

1986 ஜனவரியில் பாய்ஸ் இறந்தார். அப்போது குவியல் முழுதாகக் கரைந்திருக்கவில்லை. 1987 ஜூன் 12 அன்று, எட்டாவது டாக்குமென்டா தொடங்கிய நாளில், முதல் மரத்தின் பக்கத்திலேயே கடைசி மரத்தை அவருடைய மனைவி ஏவாவும் மகன் வென்ட்செலும் நட்டார்கள். நியூயார்க்கின் மேற்கு 22ஆம் தெருவில் டியா அறக்கட்டளை 1988இல் ஐந்து மரங்களையும் 1996இல் இன்னும் பதினெட்டையும் பசால்ட் கல்லோடு நட்டது. 2007இல் ஹீதர் அக்ராய்ட், டான் ஹார்வி என்ற பிரிட்டிஷ் கலைஞர்கள் காஸலின் ஓக் மரங்களிலிருந்து விதை பொறுக்கிக்கொண்டு போய் முளைக்கவைத்தார்கள். அதில் வளர்ந்த நூறு கன்றுகள் 2021இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் திறந்தவெளியில் நின்றன. ஓவியத்துக்குப் பிரதி எடுக்கலாம், சிற்பத்துக்கு வார்ப்பு எடுக்கலாம். வாரிசு உண்டாகும் படைப்பு இது.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று நம்மில் சொல்வது வழக்கம். கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் சொல்வது. நகரத்து மரத்துக்கு அந்த நம்பிக்கை போதாது. ஒரே நாளில் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் கன்று நட்டுச் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடிக்கும் விழாக்கள் நம் நாட்டில் நிறைய நடக்கின்றன. மூன்றாம் கோடையில் அவற்றில் எத்தனைக்கு யார் தண்ணீர் விட்டார்கள் என்று விழா நடத்தியவர்கள் சொல்வதில்லை. காஸலில் 7,000 மரத்துக்கு ஐந்து வருஷம் பிடித்தது என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. குழி வெட்டுவதற்கு முன் அந்த மரத்துக்குச் சொந்தம் கொண்டாட ஒரு தெரு தயாராக இருக்க வேண்டும் என்று காத்திருந்த ஐந்து வருஷம் அது.

அதே 1982இல் நியூயார்க்கில் ஆக்னஸ் டீனஸ் என்ற கலைஞர் செய்ததையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. மன்ஹாட்டன் தீவின் தென்முனையில், உலக வர்த்தக மையக் கோபுரங்களுக்கு அருகே, கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கிய நிலத்தில் இரண்டு ஏக்கர் கோதுமை விதைத்தார். தன்னார்வலர்களோடு சேர்ந்து கல்லும் குப்பையும் பொறுக்கி, கையால் 285 சால் கீறி, மே மாதம் விதைத்து, ஆகஸ்ட் 16 அன்று அறுவடை. ஆயிரம் பவுண்டுக்கு மேல் தானியம். தங்கமாக விலைபோகும் மனையில் விளைந்த பயிர், பின்னால் வானுயர்ந்த கண்ணாடிக் கட்டடம்: புகைப்படத்தில் அதைப் பார்த்தவர் மறக்க மாட்டார். எனக்கோ டீனஸின் இன்னொரு வேலை இதைவிடப் பெரிதாகப் படுகிறது. பின்லாந்தில் சரளை தோண்டித் தரிசாகிக் கிடந்த இடத்தில் ஒரு செயற்கைக் குன்று எழுப்பி, 1992 முதல் 1996 வரை 11,000 மனிதர்களைக் கொண்டு 11,000 பைன் மரங்கள் நட்டார். ஆளுக்கொரு மரம். நட்டவருக்குக் கொடுத்த பத்திரம் 400 ஆண்டுக்குச் செல்லும். பிள்ளைக்கும் பேரனுக்கும் எழுதிவைக்கலாம். சூரியகாந்தி விதைகள் சுழலும் கணக்கில் மரங்களை நிறுத்தினார். கோதுமை ஒரே பருவத்தில் முடிந்த கூத்து. இந்தக் குன்றின் வயதோ பல தலைமுறை.

மரம் நடுவது என்றாவது ஒரு நாள் செய்கிற காரியம். நித்தமும் செய்கிற காரியங்களோ கண்ணுக்கே தெரிவதில்லை: கூட்டுவது, கழுவுவது, துணி மடிப்பது, குப்பை அள்ளுவது. இவற்றைக் கலைக்குள் கொண்டுவந்தவர்களில் எனக்கு முதல்வர் மீர்ல் லேடர்மன் யூக்லஸ். 1968இல் அவருக்குக் குழந்தை பிறந்தது. கலைஞராகப் பயின்றவர், பொழுதெல்லாம் துணி மாற்றுவதிலும் பால் புட்டி கழுவுவதிலும் கழிவதைப் பார்த்தார். மறு வருஷம் ஓர் அறிக்கை எழுதினார். புதியதைப் படைப்பதைத்தான் உலகம் கொண்டாடுகிறது. படைத்ததை நாள்தோறும் கெடாமல் காப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இனி என் பராமரிப்பு வேலை எல்லாமே கலை என்பது அதன் சாரம். 1973இல் ஹார்ட்ஃபோர்ட் நகர அருங்காட்சியகத்தின் வாசற்படிகளை முட்டிபோட்டுத் தண்ணீரும் துணியுமாகக் கழுவினார்.

1976இல் அவர் செய்த வேலை கூட்டுக் கலையின் ஒரு பாடநூல். மன்ஹாட்டனில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடம். அதில் கூட்டுவோர், துடைப்போர், மின்தூக்கி இயக்குவோர், காவலர் என்று 300 பேர். யூக்லஸ் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான்: தினமும் நீங்கள் செய்யும் அதே வேலையில் ஒரு மணி நேரத்தை மட்டும் கலை என்று மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வேலையில் ஒரு துளி மாற்றமும் வேண்டாம். பிறகு போலராய்டு கேமராவோடு தளம் தளமாக நடந்தார். படம் எடுத்ததும் அந்த ஆளிடமே கேட்பார்: இப்போது நீங்கள் செய்துகொண்டிருந்தது வேலையா, கலையா? அவர் சொன்னதை அப்படியே படத்தின் கீழ் ஒட்டினார். ஒரே மாப்பு, ஒரே வாளி, ஒரே வராந்தா. ஒரு படத்துக்குக் கீழே ‘பராமரிப்பு வேலை’, அடுத்ததற்குக் கீழே ‘பராமரிப்புக் கலை’. எது எது என்று தீர்மானிக்கும் உரிமையைக் கலைஞர் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட 720 படங்களைச் சுவர் நிறைய மாட்டியிருந்தார்கள். படங்கள் ஒவ்வொன்றும் சாதாரணம். அந்தக் கேள்வியை முந்நூறு பேரிடம் கேட்டதுதான் அசாதாரணம்.

1979 ஜூலையில் தொடங்கி அடுத்த பதினோரு மாதம் நியூயார்க்கின் தூய்மைப் பணியாளர்கள் 8,500 பேரையும் தேடிப்போய், ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி, இந்த நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி என்று முகம் பார்த்துச் சொன்னார். விடியலுக்கு முன் ஆஜர் எடுக்கும் நேரத்திலும், லாரி ஓடும் பாதையிலும், குப்பைக்கிடங்கிலும். கைகுலுக்குவது உலகத்திலேயே மலிவான சடங்கு. அதை 8,500 முறை, ஒருமுறைகூட எந்திரத்தனமாகிவிடாமல் செய்ய வேண்டும் என்றால்? எண்ணிக்கைதான் இங்கே உளி. நூறு பேரோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு விளம்பர நிகழ்ச்சி. ஒருவரையும் விடாமல் முடித்ததால்தான் கலையாக நின்றது. தீண்டல் என்பதற்கு நம் ஊரில் இருக்கும் வரலாற்றை அறிந்த எவரும் இதைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியாது. நம் நகரங்களில் குப்பை அள்ளும் கைகளை யார் எத்தனை பேர் பற்றிக் குலுக்கியிருக்கிறோம் என்ற கேள்வி தானாக வந்து நிற்கிறது. நகரத் துப்புரவுத் துறையின் சம்பளமில்லாத கலைஞராக 1977இல் சேர்ந்த யூக்லஸ், ஸ்டேட்டன் தீவில் 2,200 ஏக்கரில் குப்பை மலைகளாக உயர்ந்த ஃபிரெஷ் கில்ஸ் கிடங்கோடும் பல பத்தாண்டுகள் தன்னைப் பிணைத்துக்கொண்டார். 1948இல் திறந்து 2001இல் மூடப்பட்ட அந்தக் கிடங்கு இப்போது புல்வெளியும் பறவைகளுமாகப் பூங்காவாகி வருகிறது.

தைவானில் பிறந்த லீ மிங்வெய் இதே மரபில் வேறொரு சுருதி. குரலை உயர்த்தவே மாட்டார். அருங்காட்சியகம் மூடிய பிறகு, குலுக்கலில் தேர்ந்த ஒரே ஒரு முன்பின் தெரியாத விருந்தாளிக்குச் சமைத்துப் பரிமாறி, உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட்டது அவருடைய ஆரம்ப காலப் படைப்பு. பாட்டி இறந்த பின் அவருக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் கடிதமாக எழுதித் தீர்த்த அனுபவத்திலிருந்து இன்னொன்று வந்தது. மரத்தாலும் கண்ணாடியாலும் ஆன மூன்று சிறு கூடங்கள். ஒன்றில் நின்று எழுதலாம், ஒன்றில் உட்கார்ந்து, ஒன்றில் மண்டியிட்டு. நன்றியோ மன்னிப்போ, யாருக்கு வேண்டுமானாலும். உறையை ஒட்டி முகவரி எழுதி வைத்தால் அருங்காட்சியகத்தார் தபாலில் சேர்த்துவிடுவார்கள். ஒட்டாமல் வைத்தால் அடுத்து வருபவர் படிக்கலாம். உறையின் மடிப்பு ஒன்றை வைத்தே அந்தரங்கத்தையும் பொதுவையும் பிரித்த நுணுக்கம் அது.

பசுமையை வைத்து அவர் செய்தது 2009இன் ‘நகரும் தோட்டம்’. கருங்கல்லால் ஆன மிக நீளமான ஒரு மேடை. அதன் நடுவே பாறை வெடிப்புப் போல ஒழுங்கற்று ஓடும் ஒரு பிளவு. பிளவு முழுதும் புதிதாகப் பறித்த பூக்கள் செருகி நிற்கும். வருகிறவர் ஒரு பூவை எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. இரண்டு காரியத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டும். இங்கிருந்து போகும்போது, போக நினைத்த வழியை விட்டு ஒரு சுற்றுவழியாகப் போக வேண்டும். அந்த வழியில் எதிர்ப்படும் ஓர் அந்நியருக்குப் பூவைக் கொடுத்துவிட வேண்டும். பூவை எடுப்பது சுலபம். தெருவில் முகம் தெரியாத ஒருவர் முன்னால் நின்று நீட்டுவதற்குத்தான் நெஞ்சு படபடக்கும். யாருக்குக் கொடுப்பது என்று தேடத் தொடங்கிய மறுகணமே, வழக்கமாகக் கைப்பேசியில் தலை கவிழ்ந்து நடக்கிற ஆள் எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். சுற்றுவழியை நிபந்தனையாக்கியதில்தான் லீயின் மேதைமை. பழகிய வழியில் நாம் யாரையும் பார்ப்பதில்லை. மாலைக்குள் மேடை வெறுமையாகிவிடும். தோட்டம் ஊருக்குள் சிதறிப் போயிருக்கும். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது கலைஞருக்கே தெரியாது. தன் படைப்பின் முக்கியமான பாதியைத் தான் பார்க்கவே போவதில்லை என்று ஒத்துக்கொள்ள ஒரு கலைஞருக்கு எவ்வளவு நிதானம் வேண்டும்!

கலைஞர் யோகோ ஓனோ 1996 முதல் உலகமெங்கும் வைத்துவரும் ‘வேண்டுதல் மரம்’ நமக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று. சிறு வயதில் ஜப்பானியக் கோயில்களில் சீட்டில் வேண்டுதல் எழுதி மரக்கிளையில் கட்டியதன் நினைவில் பிறந்தது. தல விருட்சத்தில் மஞ்சள் துணியும் தொட்டிலும் கட்டும் நமக்கு அதன் இலக்கணம் ஏற்கெனவே தெரியும். நான் அதைப் பெரிய படைப்பென்று சொல்ல மாட்டேன். கேட்பது மிகக் கொஞ்சம். மரம் எதுவாக இருந்தாலும் சரி என்பதால் மரத்தின் மேல் கவனமும் இல்லை.

நம் வாசல் கோலம் இந்தப் பேச்சில் எங்கே நிற்கிறது? அன்றாடச் சடங்குகளில் இவ்வளவு கறாரான வடிவ விதியோடு வாழ்வது வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. புள்ளி எத்தனை, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா என்று சொல்லிவிட்டால் போதும், இரண்டு தெரு தள்ளி இருப்பவர் அதே சிக்குக் கோலத்தைப் போட்டுவிடுவார். 2021 ஜனவரியில், சென்னைப் பெண் சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபராகப் பதவியேற்ற சமயம், கலைஞர் சாந்தி சந்திரசேகர் உள்ளிட்ட குழு ஒன்று இந்தக் குணத்தைப் பயன்படுத்தியது. பெருந்தொற்றுக் காலம், கூடிப் போட முடியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே அட்டைச் சதுரங்களில் கோலம் வரைந்து அனுப்பினார்கள். சதுரங்கள் சேர்ந்து ஒரே பெருங்கோலமாயின. கோலம் அறியாத பிள்ளைகளும் பிற இனத்தவரும் அதில் வரைந்தார்கள். ஏற்பாடு அருமை. ஆனாலும் மாவு பெயின்ட்டாக மாறியபோது ஒன்று போய்விட்டது: எறும்பு தின்று, கால் மிதித்து, மறுநாள் காலை தண்ணீர் தெளித்ததும் இல்லாமல் போவது. கோலத்தின் பாதி உயிர் அழிவதில்தானே இருக்கிறது. லீ மிங்வெய் பிகாசோவின் ‘கெர்னிகா’வை மணலில் வரைந்து, பார்வையாளர்களை அதன் மேல் நடக்கவிட்டு, கடைசியில் விளக்குமாற்றால் கூட்டியபோது அந்த உயிரைத் தொட்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய் இதை முடிக்கலாம். 2004இல் டேவிட் பர்ன்ஸ், மத்தியாஸ் வியகனர், ஆஸ்டின் யங் என்ற கலைஞர்கள் மூவர் தங்கள் பேட்டைத் தெருக்களில் நடந்து ஒரு வரைபடம் போட்டார்கள். எந்த வீட்டு மதிலைத் தாண்டி எந்தப் பழமரம் நடைபாதையின் மேல் கிளை நீட்டுகிறது என்பதைக் காட்டும் வரைபடம். வாழை, அத்தி, எலுமிச்சை, ஆரஞ்சு, அவகாடோ. பொது இடத்துக்கு மேல் தொங்குகிற பழம் பொதுமக்களுடையது என்ற அடிப்படையில், ‘உதிர்ந்த பழம்’ என்ற பெயரில் அவர்கள் தொடங்கிய இயக்கம் இது. ஊரிலேயே காய்த்து ஊரிலேயே அழுகிக்கொண்டிருந்ததை ஒரு காகிதத்தில் குறித்ததும், பக்கத்துத் தெரு சட்டென்று தோப்பாகத் தெரிய ஆரம்பித்தது.

அதன் தொடர்ச்சியாக ஜாம் காய்ச்சும் கூட்டங்கள் வந்தன. யாரும் வரலாம், வீட்டிலோ தெருவிலோ கிடைத்த பழத்தைக் கொண்டுவரலாம். செய்முறைக் குறிப்பு எதுவும் தர மாட்டார்கள். மேஜையைச் சுற்றி உட்காருபவர்கள் தங்களுக்குள் பேசித்தான் தீர்மானிக்க வேண்டும்: உங்களிடம் அத்தி இருக்கிறது, என்னிடம் எலுமிச்சை, சர்க்கரை எவ்வளவு, துளசியைக் கிள்ளிப் போடலாமா, தோலை விடுவதா சீவுவதா. முன்பின் தெரியாதவர்கள் அரை மணி நேரத்தில் சமையற்கட்டுச் சண்டையின் சுகத்துக்கு வந்துவிடுவார்கள். மரக்கன்றுகளையும் இலவசமாகக் கொடுக்கிறார்கள், ஆனால் வாங்குபவர் அதைப் பேணி வளர்ப்பதாகத் தத்துப்பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்; முடிந்தவரை வீட்டு எல்லையோரம், தெருவில் போகிறவர் கைக்கு எட்டும்படி நடச் சொல்கிறார்கள். 2013இல் டெல் ஏர் என்ற பகுதியில் ஒரு பொதுப் பழப்பூங்காவும் அவர்கள் முயற்சியில் திறந்தது. பொது இடத்தில் பழமரம் என்றால் நகர நிர்வாகங்கள் பயப்படுவது வழக்கம்: பழம் விழுந்து நடைபாதை கறையாகும், எலி வரும், யாராவது வழுக்கி விழுவார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். பழம் விழுவதற்குள் பறிக்க ஆள் வேண்டும், பறித்ததைத் தின்னவும் ஊறவைக்கவும் ஆள் வேண்டும். ‘உதிர்ந்த பழம்’ குழு கையிலெடுத்த பொருள் அந்தத் தேவைதான். பூமரம் நகரத்தைச் சும்மா நின்று அலங்கரிக்கும். பழமரம் வருஷா வருஷம், தான் பழுக்கிற வாரத்தில், கூடையோடு வரச்சொல்லி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடும்.